கோத்தகிரி டீ ஃபேக்டரியின் நான்கு பழைய கம்ப்யூட்டர்களை ஒரே சர்வரில் ஏற்றலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் போடும் ஃபேக்டரி. ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் டேலி, ஒன்றில் விண்டோஸ் 7-இல் மட்டும் ஓடும் இலைக் கணக்கு சாஃப்ட்வேர், ஒன்றில் எல்லோரும் பயன்படுத்தும் ஃபைல்கள், ஒன்றில் பயோமெட்ரிக் வருகைப் பதிவு. நான்கும் எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும் நிலையில் இருக்கின்றன. ஒரே சர்வர் வாங்கி, நான்கையும் விர்ச்சுவல் மெஷின்களாக, அதாவது சாஃப்ட்வேருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்களாக மாற்றி அதில் ஓட்டலாமா? அவற்றை ஓட்டும் சாஃப்ட்வேரான ஹைப்பர்வைசர் எது, எவ்வளவு ராம்? கேமரா ரெக்கார்டிங்கையும் சேர்த்துக்கொள்ளலாமா? மலை என்பதால் தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா?

தாராளமாக ஏற்றலாம். இன்றைய சாதாரண சர்வருக்கு இந்த நான்கும் ஒரு பொருட்டே இல்லை. ஹைப்பர்வைசரும் ராமும் அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும் விஷயம். நம் மலையில் இந்த வேலையின் கஷ்டம் கரண்டில் இருக்கிறது. கரண்ட் போனால் அந்தப் பெட்டி உள்ளே ஓடும் எல்லா கெஸ்ட்டுகளையும், அதாவது அந்த விர்ச்சுவல் மெஷின்களை, ஒழுங்காக மூடிவிட்டுத் தானாக அணைய வேண்டும். கரண்ட் வந்தால் யார் கையும் படாமல் எழுந்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிட வேண்டும். இதுவரை ஒரு கம்ப்யூட்டர் படுத்தால் மற்ற மூன்றும் ஓடின. இனி அந்த ஒரு சர்வர் படுத்தால் நான்கும் படுக்கும். பணத்தையும் கவனத்தையும் இந்த இடத்தில் போடுங்கள். மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹைப்பர்வைசருக்கு உங்கள் அளவில் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ போதும். டெபியன் லினக்ஸ் மேல் கட்டியது. 2007-இலேயே லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்துவிட்ட கேவிஎம்தான் அதன் இன்ஜின். சந்தா கட்டாமலே முழு வசதியும் கிடைக்கும். லாகின் செய்யும்போது சந்தா இல்லை என்று ஒரு செய்தி எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். ஆனால் சந்தா இல்லாதவர்கள் அப்டேட் வரும் இடமான என்டர்பிரைஸ் ரெப்பாசிட்டரியை நிறுத்திவிட்டு, நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்பாசிட்டரியை இயக்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, போட்ட நாளிலிருந்து ஒரு அப்டேட்டும் ஏறாமல் கிடக்கும் சர்வர்கள் நிறைய.

விஎம்வேர் நல்ல சரக்குதான். ஆனால் 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியபின், 2024 பிப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ நின்றது. 2025 ஏப்ரலில் மறுபடி வந்தது. இப்படி இன்று உண்டு நாளை இல்லை என்று இருப்பதை நம்பி ஒரு சின்ன ஃபேக்டரி இறங்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தனியாக இலவசமாகக் கொடுத்துவந்த ஹைப்பர்-வி சர்வர் 2019 பதிப்போடு முடிந்தது. விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் எப்படியும் வாங்கப்போகிறீர்கள், கூப்பிட்டால் வரும் ஆளுக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும் என்றால் அதோடு வரும் ஹைப்பர்-வியைப் போடுங்கள், தப்பில்லை. விண்டோஸ் 11 டெஸ்க்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதில் ஆபீஸையே ஓட்டுவது மட்டும் வேண்டாம். அந்த டெஸ்க்டாப்பில் யாராவது உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள், அப்டேட் வந்து அது ரீஸ்டார்ட் ஆகும், உள்ளே இருக்கும் டேலியும் சேர்ந்து விழும். ஹோஸ்ட்டின், அதாவது கெஸ்ட்டுகளைத் தாங்கும் பெட்டியின், வேலை கெஸ்ட்டை ஓட்டுவது மட்டுமே. அதில் பிரவுசர், பிரிண்டர், டேலி எதுவும் வேண்டாம். மானிட்டரைக்கூடக் கழற்றிவிடுங்கள்; ப்ராக்ஸ்மாக்ஸை 8006 போர்ட்டில் பிரவுசர் வழியாகவே முழுக்க நிர்வகிக்கலாம்.

ராம் கணக்கு எளிது. டேலி ஓடும் விண்டோஸுக்கு 8 ஜிபி. விண்டோஸ் 7 அநேகமாக 32 பிட்டாக இருக்கும். அதற்கு 4 ஜிபிக்கு மேல் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளாது. ஃபைல் சர்வரை லினக்ஸில், விண்டோஸுக்கு ஃபைல் பகிரும் சாம்பா போட்டு ஓட்டினால் 2 ஜிபி. பயோமெட்ரிக்குக்கு 4 ஜிபி. ஹோஸ்ட்டுக்கும், டிஸ்க்கை நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ்ஸின் கேஷுக்கும் 6 முதல் 8 ஜிபி. ஆக 32 ஜிபியில் அடங்கிவிடும்; விலை கட்டுப்படியானால் 64 போடுங்கள். பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ராம் வாங்குங்கள். ப்ராசசரில் 8 கோர் இருந்தால் ஏராளம். ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் முதலில் 2 விர்ச்சுவல் சிபியு மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எட்டு இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் எட்டெட்டு கொடுத்தால் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும், வேகம் கூடாது. விர்ச்சுவல் மெஷின் ஓட்ட ப்ராசசரில் இருக்கும் வசதி, இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் ஏஎம்டி-வி, பயாஸில் (சர்வரின் அடிப்படை செட்டிங்கில்) இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இப்போது வரும் சர்வர்களில் வசதி உண்டு; அணைத்துவைத்தே அனுப்புகிறவர்களும் உண்டு.

டிஸ்க்கில் கஞ்சத்தனம் கூடாது. சர்வர் ரகத்து எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே டேட்டாவை எழுதும் இசட்எஃப்எஸ் மிரரில் போடுங்கள். 960 ஜிபி ரகம் உங்களுக்குப் போதும். கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டியோடு ஒப்பிட்டால் இதற்கு ஏன் இவ்வளவு விலை என்று தோன்றும். சர்வர் எஸ்எஸ்டிக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் சட்டென்று போனாலும் உள்ளே கேஷில் நிற்கும் டேட்டாவை ஃபிளாஷில் எழுதி முடிக்கும் அளவுக்குச் சார்ஜ் அவற்றில் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் அது எழுதியாச்சு என்று உடனே பதில் சொல்கிறது. டேலி போன்ற டேட்டாபேஸ்கள் ஒவ்வொரு என்ட்ரிக்கும் அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பவை. சாதாரண எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றைச் செய்யும்: ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷ் வரை எழுதிவிட்டு நிதானமாகப் பதில் சொல்லும். நான்கு கெஸ்ட் சேர்ந்தால் தவழும். இல்லையென்றால் எழுதாமலே எழுதினதாகச் சொல்லும். கரண்ட் போன அன்றைக்குத்தான் அது தெரியவரும். வாங்கும்போது பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன் உண்டா என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் மாடல் நம்பரை வாங்கித் தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் நீங்களே பாருங்கள்.

சர்வரோடு, டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு கார்டு வந்தால், அதை டிஸ்க்கை அப்படியே காட்டும் ஹெச்பிஏ மோடுக்கு மாற்றிவிட்டு இசட்எஃப்எஸ்ஸுக்கு டிஸ்க்கை நேரடியாகக் கொடுங்கள். கார்டு ஒரு ரெய்டு, இசட்எஃப்எஸ் ஒரு ரெய்டு என்று இரண்டையும் அடுக்க வேண்டாம். அப்புறம், தின் ப்ரொவிஷனிங்கில் நான்கு கெஸ்ட்டுக்கும் சேர்த்து இருப்பதைவிட அதிக இடம் எழுதிக்கொடுக்க முடியும். எழுதிக்கொடுத்த இடத்தை அவை உண்மையிலேயே கேட்க ஆரம்பிக்கும் நாளில் எல்லா கெஸ்ட்டும் ஒன்றாக நிற்கும். 80 சதவீதத்தைத் தாண்டினால் மெயில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரை எங்கே வைப்பது? மலைக்காரர்கள் நமக்குக் குளிர் இருக்கிறதே, ஏசி வேண்டாம் என்கிறோம். சரிதான், ஆனால் உயரத்தில் காற்று மெலிவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியே எடுத்துப்போகும் சூடு குறைவு. பல சர்வர்களுக்கு அறை வெப்பம் 35 டிகிரி வரை அனுமதி என்று போட்டு, சுமார் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். ஆக 32 டிகிரி. உங்கள் ஆபீஸ் அந்தச் சூட்டை எட்டாது என்பதால் ஏசி இல்லாமல் சமாளிக்கலாம். ஆனால் சர்வரை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் பூட்டினால், வெளியே 15 டிகிரி இருந்தாலும் உள்ளே அடுப்புதான்.

குளிரைவிட ஈரம் மோசம். மூடுபனி நாளில் ஜன்னலைத் திறந்துவைத்தால் பனி நேரே ரூமுக்குள் வரும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு அதன் சூடே காவல். இரண்டு மூன்று நாள் அணைந்து குளிர்ந்து கிடந்து, பிறகு ஸ்விட்ச் போடும்போதுதான் ஆபத்து. குளிர்ந்த பெட்டியை, குறிப்பாக வண்டியில் வந்திறங்கியதை, ரூமில் சில மணி நேரம் வைத்து, உள்ளே நீர் கோத்திருக்கவில்லை என்று திறந்து பார்த்துவிட்டு கரண்ட் கொடுங்கள்.

டீ ஃபேக்டரிக்கு என்றே ஒன்று உண்டு: தூசி. டிரையர் பக்கமும் சிஃப்டிங் ரூமிலும் பறக்கும் மெல்லிய பழுப்புப் பஞ்சு சர்வரின் முன்பக்கச் சல்லடையில் படிந்து, உள்ளே ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் போய்க் கம்பளித் துணி ஒட்டினது போல் அடைத்துக்கொள்ளும். மழை ஈரம் சேர்ந்தால் ஊதினாலும் போகாது, பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். சர்வரை ஃபேக்டரிக் கட்டடத்திலிருந்து தள்ளி, ஆபீஸ் கட்டடத்தில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வையுங்கள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நெட்வொர்க்குக்குச் செம்புக் கேபிள் இழுக்காமல் ஃபைபர் இழுங்கள். இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் போட்டால் போதும். இடி விழும்போது இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே வரும் வோல்டேஜ் வித்தியாசம் செம்பு வழியாகத்தான் ஸ்விட்ச்சுக்குள் நுழையும். கண்ணாடி வழியாக வராது.

இனி கரண்ட். காற்றுமழைக் காலத்தில் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ லைன்மேல் சாய்ந்தால், ஈபி ஆட்கள் மரத்தை அறுத்து, லைனை இழுத்துக் கட்டி முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், அவலாஞ்சி பக்கம் அடி வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பயம். 2009 நவம்பர் நிலச்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. யுபிஎஸ்ஸை வைத்து அந்த நேரத்தை ஓட்டிவிட முடியாது. யுபிஎஸ்ஸின் வேலை இரண்டுதான்: ஜெனரேட்டர் எடுக்கும் வரை தாங்குவது, ஜெனரேட்டரும் எடுக்காவிட்டால் சர்வரை முறையாக அணைக்க நேரம் கொடுப்பது.

வீட்டு இன்வெர்ட்டர் இதற்கு ஆகாது. அது மாறிக்கொள்ளும் இடைவெளியில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம். பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று சர்வரிடம் சொல்லவும் அதற்கு வழியில்லை. வந்த கரண்டை லேசாகச் சரிசெய்து அப்படியே கடத்தும் லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் ஆபீசுக்குச் சரி, உங்களுக்கு அதிலும் ஒரு சிக்கல். வாடவைக்கும் ட்ரஃப் ஃபேன்களும் இலையை நசுக்கி வெட்டும் சிடிசி மெஷினின் மோட்டாரும் எடுக்கும்போது வோல்டேஜ் இறங்கும். ஜெனரேட்டரில் ஓடும்போது ஃப்ரீக்வென்சியும் ஆடும். அந்தக் கரண்ட் சரியில்லை என்று லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் அதை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் காலியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆன்லைன் யுபிஎஸ், அதாவது வந்த கரண்டை டிசியாக்கி மறுபடி ஏசியாக்கித் தரும் ரகம் வாங்குங்கள். உங்கள் சர்வர், ஸ்விட்ச், ரூட்டர் மூன்றுக்கும் 1 கேவிஏ வரும். 2 கேவிஏ வாங்கினால் பேட்டரி நேரம் கூடும். குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு குறையும். 25 டிகிரியில் கொடுப்பதில் கால் பங்கு ஜனவரி ராத்திரியில் கிடைக்காமல் போகலாம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். எர்த் குழியை வருடம் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் எர்த் சுலபமாக அமையாது.

யுபிஎஸ்ஸின் பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்க வேண்டும். அதைச் சர்வரில் சொருகி, ஹோஸ்ட்டில், யுபிஎஸ் சொல்வதைக் கேட்டுச் சர்வரை அணைக்கும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் போடுங்கள். சுருக்கமாக நட் என்பார்கள். பெரிய பிராண்டுகள் பெரும்பாலும் யுஎஸ்பிஹெச்ஐடி-யுபிஎஸ் டிரைவரில் வேலை செய்யும். இங்கே கிடைக்கும் பல யுபிஎஸ்கள் மெகாடெக் என்ற பழைய மொழியில் பேசுகிறவை. அவற்றுக்கு நட்டிஆர்வி-க்யூஎக்ஸ் டிரைவர். போர்ட்டே இல்லாத யுபிஎஸ் ஏற்கனவே கையில் இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு பழைய ரூட்டரை யுபிஎஸ்ஸில் சொருகாமல் நேரே ஈபி கரண்டில் சொருகுங்கள். ஜெனரேட்டர் லைனும் அந்தப் பிளக்குக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட்டில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பிங் செய்யட்டும். தொடர்ந்து ஐந்து நிமிடம் பதில் இல்லையென்றால் ஹோஸ்ட் அணைய ஆரம்பிக்கட்டும். அசிங்கமான வழிதான், வேலை செய்கிறது.

ஹோஸ்ட் அணைய ஆரம்பித்ததும் ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் மூடிக்கொள் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு 180 விநாடி அவகாசம். அதற்குள் மூடாவிட்டால் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். விண்டோஸ் கெஸ்ட்டில் யாராவது ரிமோட்டில் லாகின் ஆகி இருந்தால், வெறும் பவர் பட்டன் சிக்னலை அது கண்டுகொள்ளாமல் போவதுண்டு. அதனால் எல்லா விண்டோஸ் கெஸ்ட்டிலும் ஹோஸ்ட் சொல்வதை உள்ளிருந்தே கேட்டுச் செய்யும் க்யூஈஎம்யு கெஸ்ட் ஏஜென்ட் போட்டு, ப்ராக்ஸ்மாக்ஸிலும் அந்த ஆப்ஷனை இயக்குங்கள்; போட்டபின் ஷட்டவுன் கொடுத்து எத்தனை விநாடியில் மூடுகிறது என்று பாருங்கள். அப்டேட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். பேட்டரி ஆறு நிமிடம் மிச்சம் இருக்கும்போது விண்டோஸ் அப்டேட் ஏறுகிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று நின்றால் யாரைக் கோபிப்பது?

எழுவதற்கும் வரிசை வேண்டும். ஃபைல் சர்வர் முதலில், அது எழுந்து அறுபது விநாடி கழித்து டேலி, பிறகு இலைக் கணக்கு, கடைசியில் பயோமெட்ரிக். ஸ்டார்ட் ஆர்டரில் 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிட்டால், அணையும்போது ப்ராக்ஸ்மாக்ஸ் அதையே தலைகீழாக எடுத்துக்கொள்ளும். பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் செட்டிங்கைப் போடுங்கள்.

இவ்வளவும் செய்தவர்களே ஒரு இடத்தில் மாட்டுவார்கள். பேட்டரி குறைந்தது, ஹோஸ்ட் அழகாக அணைந்துவிட்டது. ஆனால் யுபிஎஸ்ஸில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருப்பதால் அது சர்வருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஈபி கரண்ட் வந்துவிடுகிறது. சர்வரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. ஆகவே வந்ததாகவும் அதற்குத் தெரியாது. அணைந்தபடியே கிடக்கும். காலையில் ஆபீஸ் திறந்து யாராவது பட்டனை அமுக்கினால்தான் உண்டு. இதற்கு மருந்து நட்டிலேயே இருக்கிறது. ஹோஸ்ட் அணைந்து முடியும் கடைசிக் கட்டத்தில், உன் அவுட்புட்டை வெட்டு என்று யுபிஎஸ்ஸுக்கு ஒரு கட்டளை போக வேண்டும். யுபிஎஸ் வெட்டிவிட்டு, ஈபி கரண்ட் வந்தபின் மறுபடி கொடுக்கும், சர்வரும் எழும். உங்கள் யுபிஎஸ் அந்தக் கட்டளையைக் கேட்கிறதா என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் ஸ்விட்ச்சை இறக்கி, ஜெனரேட்டரையும் எடுக்காமல், கடைசி வரை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஹோஸ்ட் அணையும் நேரத்தில் மெயினை மறுபடி ஏற்றி, இரண்டாவது தடவையும் பாருங்கள். இந்த ஒத்திகையைச் செய்யாமல் சர்வரை ஒப்படைக்கும் ஆளுக்கு முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

நெட்வொர்க்கில் சொல்ல அதிகம் இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் போடும்போதே ஒரு பிரிட்ஜ் உருவாகும். எல்லா கெஸ்ட்டும் அதில் தொங்கினால் ஆபீஸ் நெட்வொர்க்கில் தனித்தனிக் கம்ப்யூட்டர் மாதிரியே தெரியும். ஹோஸ்ட்டுக்கு நிலையான ஐபி கொடுங்கள். விண்டோஸ் 7 கெஸ்ட்டுக்குத் தனி விலேன், அதாவது பிரித்துவைத்த நெட்வொர்க், போட்டு, இன்டர்நெட் பக்கம் போகவிடாமல் ரூட்டரில் தடுத்துவிடுங்கள். அதற்கான மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது.

கெஸ்ட்டுகளில் புதிதாகப் போடும் விண்டோஸுக்கு டிஸ்க்கை, விர்ச்சுவல் மெஷினுக்கென்றே செய்த வேகமான ரகமான விர்ட்ஐஓ ஸ்கஸியிலும் நெட்வொர்க்கை விர்ட்ஐஓவிலும் வையுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும்; பயப்பட வேண்டாம். விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாகச் சேர்த்து, லோட் டிரைவர் கொடுத்து, அதிலிருந்து ஸ்கஸி டிரைவரைக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும். லைசென்ஸை மட்டும் மறக்காதீர்கள். கம்ப்யூட்டரோடு வந்த ஓஈஎம் விண்டோஸ் அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான். சர்வருக்குள் கொண்டுபோக உரிமை இல்லை. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் லைசென்ஸ் ஒன்றுக்கு, சர்வரின் எல்லா கோருக்கும் கணக்குப் பண்ணி வாங்கியபின், இரண்டு விர்ச்சுவல் மெஷின் வரை ஓட்டலாம். குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். டேலி ஒன்று, பயோமெட்ரிக் ஒன்று, கணக்குச் சரியாகிவிடுகிறது. ஃபைல் சர்வர் லினக்ஸ் என்பதால் செலவில்லை. விண்டோஸ் 7-க்கு உங்களிடம் ரீடெய்ல் லைசென்ஸ் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். டேலியில் பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுப் புதிய கெஸ்ட்டில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழையது படுத்தபின் இந்த வேலையை ஆரம்பித்தால் அலைச்சல்.

விண்டோஸ் 7-தான் உங்கள் உண்மையான தலைவலி. சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக இன்ஸ்டால் செய்ய வழியில்லை, அந்த டிஸ்க்கை அப்படியே தூக்கித்தான் ஆக வேண்டும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்2விஹெச்டி என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. அதை ஓடும் கம்ப்யூட்டரிலேயே ஓட்டி, முழு டிஸ்க்கையும் ஒரு ஃபைலாக வெளி ஹார்டுடிஸ்க்கில் எடுக்கலாம். சி டிரைவ் மட்டும் போதாது. சிஸ்டம் ரிசர்வ்டு என்று வரும் சின்ன பார்ட்டிஷனையும் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் பூட் ஆகாது. அந்த ஃபைலை ப்ராக்ஸ்மாக்ஸில் இம்போர்ட் செய்யும்போது டிஸ்க்கை முதலில் ஐடிஈ-யாகவோ சாட்டாவாகவோ மாட்டுங்கள். நேரே விர்ட்ஐஓ-வில் மாட்டினால் டிரைவர் இல்லாமல் நீலத் திரை வரும். பழைய கம்ப்யூட்டர் சாதாரண பயாஸில் பூட் ஆனதென்றால் கெஸ்ட்டின் பயாஸ் ஆப்ஷனில் சீபயாஸ், புதிய ரகமான யுஈஎஃப்ஐ என்றால் ஓவிஎம்எஃப். பூட் ஆகி நிலைத்தபின் வேகம் வேண்டுமென்றால், 1 ஜிபியில் ஒரு வெற்று விர்ட்ஐஓ டிஸ்க்கைக் கூடுதலாக மாட்டி டிரைவரை ஏற்றிவிட்டு, பிறகு பெரிய டிஸ்க்கை மாற்றுங்கள். இப்போது வரும் விர்ட்ஐஓ தொகுப்பில் விண்டோஸ் 7 டிரைவர் கிடையாது, பழைய பதிப்பை எடுக்க வேண்டும். இலைக் கணக்குக்கு அந்த வேகம் தேவையே இல்லை. சாட்டாவில் ஓடினால் அப்படியே விடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

எடை மேடையிலிருந்து சீரியல் கேபிள் அந்த விண்டோஸ் 7-க்கு வருகிறது என்றால் அதற்கும் வழி உண்டு. யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரை சர்வரில் சொருகி கெஸ்ட்டுக்குக் கொடுக்கலாம். அப்போது சாதனத்தின் ஐடியை வைத்துக் கொடுக்காமல், எந்த போர்ட் என்று வைத்துக் கொடுங்கள், ஒரே மாதிரி இரண்டு கன்வெர்ட்டர் இருந்தால் மாறிப்போகாது. எடை மேடை ஆபீசிலிருந்து தூரம் என்றால் சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர் ஒன்றை அங்கேயே வைத்து நெட்வொர்க் வழியாக எடுங்கள். மேலே சொன்ன ஃபைபர் அங்கேயும் உதவும்.

கேமரா ரெக்கார்டிங்? வேண்டாம். இரவும் பகலும் நிற்காமல் எழுதும் வேலை அது. உங்கள் விலை உயர்ந்த எஸ்எஸ்டியின் ஆயுளைத் தின்னும், பேக்கப்பை வீங்கவைக்கும். கேமரா படத்தைப் பதியும் என்விஆர் பெட்டி அதன் மூலையில் தனியாக, அதற்கான ஹார்டுடிஸ்க்கோடு ஓடட்டும்.

பேக்கப்புக்கு, இப்போது இருக்கும் நான்கில் உருப்படியான ஒன்றை எடுத்துப் புது ஹார்டுடிஸ்க் போட்டு, ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வராக மாற்றுங்கள். முதல் தடவை முழுசாக எடுக்கும். பிறகு மாறியதை மட்டும் எடுத்துக்கொள்வதால் சீக்கிரம் முடியும், இடமும் குறைவாகப் பிடிக்கும். அதைச் சர்வருக்குப் பக்கத்திலேயே வைத்தால் ஒரே இடிக்கு இரண்டும் போகும். வேறு கட்டடத்தில், முடிந்தால் டவுனில் இருக்கும் ஆபீசில் வையுங்கள். ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டிஸ்க் நிலை, எடுத்துவைத்திருக்கிறேன் என்பது பேக்கப் ஆகாது, அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. மிரரும் பேக்கப் இல்லை. டேலி டேட்டாவை யாராவது தெரியாமல் அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒழுங்காக அழிந்திருக்கும். மாதம் ஒருமுறை ஒரு கெஸ்ட்டை வேறு பெயரில், நெட்வொர்க் கேபிள் மாட்டாத நிலையில், ரெஸ்டோர் செய்து திறந்து பாருங்கள்.

சர்வர் வாங்கும்போது ஐட்ராக், ஐஎல்ஓ மாதிரி ரிமோட் மேனேஜ்மென்ட் போர்ட் உள்ளதாகப் பாருங்கள். திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதிக்குத் தனி லைசென்ஸ் கேட்பார்கள், அதையும் சேர்த்து விலை பேசுங்கள். குஞ்சப்பனை பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் கோவையிலிருந்து ஆள் ஏறி வர முடியாது. அன்றைக்கு அவர் இருந்த இடத்திலிருந்தே பயாஸ் வரை பார்க்க இதுதான் வழி. அந்தப் போர்ட்டையும் 8006-ஐயும் இன்டர்நெட்டில் நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். வெளியார் நுழைய முடியாத தனி வழியான வயர்கார்டு விபிஎன் போட்டு அதன் வழியாக மட்டும் வரச்சொல்லுங்கள். உங்கள் இன்டர்நெட் கனெக்‌ஷனில் பொது ஐபி கிடைக்காது என்றால், வெளியில் ஒரு சின்ன விபிஎஸ், அதாவது வாடகை சர்வர், எடுத்து, இரண்டு பக்கமும் அதில் வந்து சேரும்படி வைக்கலாம்.

மாற்றும் வரிசையில் பயோமெட்ரிக்கை முதலில் ஏற்றுங்கள். ஒரு நாள் நின்றாலும் நோட்டில் எழுதிச் சமாளிக்கலாம். அடுத்து ஃபைல் சர்வர். டேலியை வருடக் கணக்கு முடிக்கும் மார்ச்சில் தொடாதீர்கள். இலைக் கணக்கைக் கடைசியாக, மாதப் பட்டுவாடா முடிந்த மறுநாள் எடுங்கள். தேயிலை வாரியம் அந்த மாதத்து இலை விலையை அறிவித்து, விவசாயிகள் பணத்துக்கு வந்து நிற்கும் நேரத்தில் எடுத்தால் உங்கள் கதி எனக்குத் தெரியாது. எடுத்தபின் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், ஒரே ஐபியில் இரண்டு இருந்தால் குழப்பம் வரும். புதிய கெஸ்ட்டில் அடுத்த பட்டுவாடா ஒன்று முழுசாக முடியும் வரை அதன் டிஸ்க்கை அழிக்கவோ, பழைய சாமான்காரருக்குப் போடவோ வேண்டாம்.